ஆணையிட முடியாத ஆளுநர்: ஜெஃபர்சனின் போர்க்காலக் கடிதங்கள்

அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1781 பிப்ரவரியில் வர்ஜீனியாவின் ஆளுநர் தாமஸ் ஜெஃபர்சனிடம் படைத்தலைவர் ஸ்டாய்பன் ஒரு சாதாரண உதவி கேட்டார். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் அரண் எழுப்ப வேலையாட்கள் வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்புதான் பிரிட்டிஷ் கப்பல்கள் அதே ஆற்றின் வழியே வந்து, தலைநகர் ரிச்மண்டில் தீ வைத்துவிட்டுத் திரும்பியிருந்தன. எதிரி இன்னும் ஆற்று முகத்துவாரத்தருகே போர்ட்ஸ்மத்தில்தான் இருந்தான். மண்வெட்டி பிடிக்க ஆள் கேட்பதில் தவறு என்ன?

பிப்ரவரி 12 அன்று ஜெஃபர்சன் பதில் எழுதினார். எந்தச் சுதந்திர மனிதனையும் அவனது சம்மதமின்றிப் பொதுவேலைக்குக்கூட அழைக்க இம்மாநிலச் சட்டம் நிர்வாகத்துக்கு அதிகாரம் தரவில்லை. எந்த அடிமையையும் அவனுடைய எஜமானின் சம்மதமின்றி அழைக்க முடியாது என்பது அதன் சாரம். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் படையில் தேறிய ஸ்டாய்பனுக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. போர் நடக்கும் மாநிலத்தின் தலைவர், பள்ளம் தோண்டக்கூட ஆள் அனுப்ப இயலாது என்கிறார்.

அந்தப் பதிலில் இரண்டு வர்ஜீனியாக்கள் தெரிகின்றன. ஒன்று, படையெடுப்பின் நடுவிலும் குடிமகனின் சம்மதத்தைக் கேட்ட அரசு. மற்றொன்று, அடிமையின் சம்மதம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்றே எண்ணாத சமூகம். 1779 ஜூன் முதல் 1781 ஜூன் வரையிலான ஈராண்டுகளில் ஜெஃபர்சனுக்கும் படைத்தலைவர்களுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை, ஒரு மேதை ஆளுநராகத் தோற்ற கதையாகப் பலர் வாசித்திருக்கிறார்கள். அந்த வாசிப்பு போதாது. ஆளுநரும் தளபதியும் வெவ்வேறு சட்டங்களால் கட்டப்பட்டவர்கள். ஒருவரது கட்டு மற்றவருக்குப் புரியாதபோது கடிதம்தான் அவர்கள் பேரம் பேசிய இடம். இந்தக் கடிதங்களின் மதிப்பு அங்கே இருக்கிறது.

அதிகாரம் இருந்தது, ஆள் இல்லை. ஆள் இருந்தது, அதிகாரம் இல்லை

மன்னர் அனுப்பிய ஆளுநர்களிடம் பட்ட அனுபவம் வர்ஜீனியர்களுக்கு மறக்கவில்லை. 1776இல் தங்களுக்கென அரசியலமைப்பு எழுதியபோது ஆளுநர் பதவியை வேண்டுமென்றே மெலிதாக வார்த்தார்கள். சட்டமன்றம் ஆண்டுக்கொரு முறை அவரைத் தேர்ந்தெடுக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. சட்டத்தை மறுக்கும் உரிமை இல்லை. எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழுவின் கருத்தோடுதான் நிர்வாகம் செய்ய வேண்டும். 1779 ஜூன் 1 அன்று 36 வயது ஜெஃபர்சன் ஏற்றது இந்தப் பதவியைத்தான்.

மறுபக்கம் ஜார்ஜ் வாஷிங்டன். பதின்மூன்று மாநிலங்களின் பொதுப்படைக்கு அவர் தலைமைத் தளபதி. ஆனால் அவரை நியமித்த காண்டினென்டல் காங்கிரசுக்கு வரி விதிக்கும் உரிமை கிடையாது. அது அச்சிட்ட பணம் மதிப்பிழந்து, 1780 மார்ச்சில் காங்கிரசே நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. படைக்கு வேண்டிய ஆள், மாடு, மாவு, வண்டி எல்லாம் மாநிலங்களின் கையில் இருந்தன. ஆகவே தளபதி ஆளுநர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். ஆளுநர் தம் பங்குக்கு மாவட்டப் படைப் பொறுப்பாளர்களுக்கு எழுதினார். அவர்கள் ஊர்க் குடிப்படையைத் திரட்ட வேண்டும். குடிப்படை என்பது உழவர்கள் தத்தம் துப்பாக்கியோடு சில மாதம் வந்து போகும் ஏற்பாடு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் அடுத்ததைக் கட்டாயப்படுத்தும் வலு கொண்டதல்ல. ஒவ்வொருவரும் அடுத்தவரிடம் கேட்டார்கள்; சில சமயம் கிடைத்தது.

வழக்கறிஞருக்குச் சட்டம் சொன்ன சிப்பாய்

முதல் பெரிய உரசலில் ஜெஃபர்சனும் வாஷிங்டனும் எதிர்பாராத பக்கங்களில் நின்றார்கள். 1779 பிப்ரவரி 25 அன்று வர்ஜீனியப் படைத்தலைவர் ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க் வின்சென்ஸ் கோட்டையைப் பிடித்தார். டெட்ராய்ட்டின் பிரிட்டிஷ் துணை ஆளுநர் ஹென்றி ஹாமில்டன் சரணடைந்தார். பூர்வகுடிப் படைகளை எல்லைக் குடியேறிகள் மீது ஏவியவர், தலைமயிர்த் தோலுக்கு விலை கொடுத்தவர் என்று அவர்மீது குற்றச்சாட்டு இருந்தது. ஜெஃபர்சன் பதவியேற்ற சில நாட்களிலேயே கைதி அப்போதைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க் வந்து சேர்ந்தார். ஜூன் 16 அன்று ஆலோசனைக் குழு உத்தரவிட்டது: ஹாமில்டனையும் இரு உதவியாளர்களையும் விலங்கிட்டு நிலவறையில் அடைக்க வேண்டும், காவலரைத் தவிர யாரோடும் பேச்சு கூடாது, பேனா, மை, தாள் எதுவும் தரக் கூடாது.

உத்தரவின் நகலை ஜெஃபர்சன் வாஷிங்டனுக்கு அனுப்பினார். ஜூலையில் தளபதி அதை ஆதரித்தே எழுதினார். அதற்குள் வேறொரு கடிதம் ஆளுநரிடம் வந்திருந்தது. சரட்டோகாப் போரில் பிடிபட்டுச் சார்லட்ஸ்வில் அருகே காவலில் இருந்த பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஃபிலிப்ஸ் எழுதியது அது. ஜெஃபர்சன் வீட்டு விருந்துகளில் கலந்துகொண்டவர் அவர். நிபந்தனைகள் எழுதிக் கையெழுத்திட்டுச் சரணடைந்த ஒருவரை விலங்கிடுவது போர் மரபுக்கு எதிரானது என்று வாதாடியிருந்தார். ஜெஃபர்சன் பன்னாட்டுச் சட்ட நூல்களைப் புரட்டி அந்த வாதத்தை மறுத்தார். ஆயினும் வாஷிங்டனின் கருத்தைக் கேட்டார்.

ஆகஸ்ட் 6 அன்று வாஷிங்டன் தம் முந்தைய நிலையைத் திருத்திக்கொண்டார். விவரம் அறிந்த அதிகாரிகளிடம் கலந்து பேசியதாகவும், சரணாகதி உடன்படிக்கை இருப்பதால் ஹாமில்டனை இவ்வளவு கடுமையாக நடத்த முடியாது என்றே அவர்கள் கருதுவதாகவும் எழுதினார். அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. நியூயார்க்கில் அமெரிக்கக் கைதிகள் பிரிட்டிஷாரிடம் இருந்தார்கள். இங்கே போடும் விலங்கு அங்கே பல மடங்காகத் திரும்பிவரும். செப்டம்பர் இறுதியில் விலங்குகள் அகற்றப்பட்டன. 1780 அக்டோபரில் ஹாமில்டன் வாக்குறுதிப் பிணையில் நியூயார்க் போனார்.

சட்டம் படித்த ஆளுநர் பழிவாங்கலைக் கேட்க, சட்டம் படிக்காத தளபதி கட்டுப்பாட்டைக் கேட்டார். எல்லையில் பிணங்களைக் கண்ட குடிமக்களின் ஆத்திரம் ஆளுநரின் மேசைக்கு வந்தது. தளபதியின் மேசைக்கு வந்தது கைதிகளின் பட்டியல். நாட்டின் சட்டம் ஒருவரைக் கட்டியதுபோல் போரின் சட்டம் மற்றவரைக் கட்டியது. இந்த முறை கடிதம் வேலை செய்தது. அவசரமில்லாத விஷயம் என்பதால், ஒரு சுற்றுக் கடிதத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க முடிந்தது.

குதிரை வேகத்தில் வந்த போர்

1780இல் அந்த அவகாசம் போய்விட்டது. மே 12 அன்று தெற்கிலுள்ள சார்லஸ்டன் பிரிட்டிஷாரிடம் வீழ்ந்தது. தெற்கிலிருந்து செய்தி வருவதே அரிதாகிவிட, ஜூனில் ஜெஃபர்சன் ஒரு குதிரைத் தூதர் சங்கிலியை அமைத்தார். நாற்பது மைலுக்கு ஒருவர் வீதம் நிறுத்தினால் இருபத்துநான்கு மணி நேரத்தில் 120 மைல் தூரம் செய்தி நகரும் என்பது கணக்கு. இதை அமைக்கப் போனவர் 22 வயது ஜேம்ஸ் மன்றோ, பின்னாளில் ஜெஃபர்சனைப் போலவே குடியரசுத் தலைவரானவர். திட்டத்தை ஜெஃபர்சன் வாஷிங்டனுக்கும் எழுதித் தெரிவித்தார்.

ஆகஸ்ட் 16 அன்று கேம்டனில் தெற்குப் படை சிதறியது. வர்ஜீனியக் குடிப்படை அங்கே களத்தைவிட்டு ஓடியது. தெற்குக்கு ஆள் அனுப்பினால் சொந்தக் கரை வெறுமையாகும். சொந்தக் கரையைக் காத்தால் தெற்கு விழும். இவ்விரண்டுக்கும் நடுவில் ஜெஃபர்சனின் மனம் மேற்கிலும் இருந்தது. டெட்ராய்ட்டைப் பிடிக்கக் கிளார்க்கை அனுப்ப விரும்பி, பிட் கோட்டையிலுள்ள பொதுப்படையின் பீரங்கிகளைத் தரும்படி டிசம்பர் 13 அன்று வாஷிங்டனைக் கேட்டார். அம்மாத இறுதிக்குள் வாஷிங்டன் அதற்கு ஆணை பிறப்பித்தார். படையெடுப்பு கடைசிவரை நடக்கவில்லை. டெட்ராய்ட் வரை நடக்க மேற்கு மாவட்டக் குடிப்படைக்கு விருப்பமில்லை. தளபதி ஒப்புக்கொண்ட பிறகும் உழவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

டிசம்பர் 31, ஞாயிறு காலை எட்டு மணிக்கு, முகத்துவாரத்தில் 27 கப்பல்கள் தென்பட்டதாக ரிச்மண்டுக்குச் செய்தி வந்தது. நட்பு நாடான பிரான்சின் கப்பல்களா, எதிரியுடையவையா என்று செய்தியில் இல்லை. நெல்சன் என்ற படைத்தலைவரை ஜெஃபர்சன் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு அனுப்பினார்; ஆனால் குடிப்படையை முழுதாக அழைக்கவில்லை. அழைத்தபின் பொய்ச் செய்தி என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். உறுதியான தகவல் ஜனவரி 2 அன்றுதான் வந்தது. அன்று சுமார் 4,600 பேரை அழைத்தார். நேரம் கடந்துவிட்டது. ஜனவரி 5 அன்று, கட்சி மாறிய பெனடிக்ட் ஆர்னால்ட் ஏறத்தாழ எதிர்ப்பே இன்றி ரிச்மண்டுக்குள் நுழைந்தார். வெஸ்ட்ஹாமில் பீரங்கி வார்ப்பாலை அழிந்தது. அரசு ஆவணங்களில் பெரும்பகுதி போயிற்று.

ஜனவரி 10 அன்று ஜெஃபர்சன் நடந்ததை வாஷிங்டனுக்கு எழுதினார். பரபரப்போ தற்காப்போ இல்லாமல் நாள்வாரியாகச் சொல்லும் கடிதம் அது. பதில் பிப்ரவரி 6 தேதியிட்டது. இடையில் 27 நாட்கள். அனுதாபம் தெரிவித்த வாஷிங்டன் கூடவே கறாராகவும் ஒன்று சொன்னார். இத்தகைய கொள்ளைத் தாக்குதல்களால் வரும் கேடு, தெற்கு மாநிலங்கள் வீழ்ந்தால் பொதுநோக்கத்துக்கும் வர்ஜீனியாவுக்குமே வரும் கேட்டோடு ஒப்பிடத் தக்கதல்ல. ஆகவே சொந்தப் பாதுகாப்பைப் பார்க்கும் அவசரத்தில் தெற்குப் படைக்கு அனுப்ப வேண்டிய உதவி நின்றுவிடக் கூடாது.

தலைநகர் எரிந்த ஆளுநருக்கு இது கசந்திருக்கும். இருந்தாலும் வாஷிங்டன் தமக்கு வேறு அளவுகோல் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வசந்தத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று பொடோமாக் ஆற்றில் ஏறி அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணைக்கே வந்தது. வீட்டைக் காப்பாற்றப் பண்ணை மேலாளர் எதிரிக்கு உணவுப்பொருள் கொடுத்தார். அதற்கு வீடு எரிந்து சாம்பலாகியிருந்தால்கூட வருந்தியிருக்க மாட்டேன் என்ற பொருளில் வாஷிங்டன் அவரைக் கடிந்து எழுதினார்.

குதிரைகளுக்கான வழக்கு

வாஷிங்டன் தொலைவில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்தார். ஸ்டாய்பனோ அருகிலேயே இருந்தார். அருகாமை உறவைக் கெடுத்தது. ஆடையில்லாத வீரர்கள், வராத துப்பாக்கிகள், சேராத குடிப்படை என்று கடிதம்மேல் கடிதம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஜெஃபர்சன் பணிவாக, சட்டப்பிரிவு சுட்டிப் பதில் சொன்னார். வாஷிங்டன் 1,200 வீரர்களோடு அனுப்பிய இளம் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துக்கு மார்ச் 10 அன்று அவர் எழுதிய கடிதம் ஒருவகை முன்ஜாமீன். எங்கள் சட்டங்கள் மென்மையானவை, எங்கள் மக்கள் போருக்கும் உடனடிக் கீழ்ப்படிதலுக்கும் பழகாதவர்கள், கருவிகளும் போதாது. ஆகவே எங்கள் ஆணைகள் பல சமயம் பலிப்பதில்லை, ஒரு வழியில் முடியாததை வேறு வழியில் முயல வேண்டியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

தெற்குப் படைத்தலைவர் நதானியேல் கிரீனோடு நடந்த வாதம் இன்னும் கூர்மையானது. கிரீனின் வெற்றி குதிரைப்படையில் இருந்தது. கரோலினாவின் பரந்த நிலத்தில் எதிரியை அலைக்கழிக்க வேகமான குதிரைகள் வேண்டும். அவை வர்ஜீனியக் கனவான்களின் லாயங்களில் இருந்தன. அவருடைய அதிகாரிகள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் குதிரைகளை ஓட்டிச் சென்றார்கள். பொலிகுதிரைகளும் இனப்பெருக்கப் பெண்குதிரைகளும்கூடத் தப்பவில்லை. முறையீடுகள் ரிச்மண்டில் குவிந்தன. சட்டமன்றம் தலையிட்டது, ஒரு வரம்புக்குமேல் விலைபோகும் குதிரைகளைத் திருப்பித் தரவேண்டும் என்றது. அதைக் கிரீனுக்கு எழுதும் வேலை ஆளுநர் தலையில் விழுந்தது.

கேம்டன் அருகே எதிரியோடு பொருதிக்கொண்டிருந்த கிரீன் ஏப்ரல் இறுதியில் பதில் அனுப்பினார். தனிமனிதரின் உரிமைகள் எனக்கும் யாருக்கும் குறையாமல் அருமையானவையே. ஆனால் ஒரு சமூகத்தின் பாதுகாப்பை அதைவிட மதிப்புள்ளதாகவே எப்போதும் கருதி வந்திருக்கிறேன் என்பது அவர் வாதம். நல்ல குதிரை இல்லாத குதிரைப்படை எதிரிக்கு இரை என்பது அதன் நடைமுறைப் பக்கம். தம் அதிகாரிகள் சிலர் எல்லை மீறியதை அவர் மறுக்கவில்லை.

இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது எளிதல்ல. கிரீன் சொன்னதில் இராணுவ உண்மை முழுதாக இருந்தது. ஜெஃபர்சன் பக்கத்திலும் ஓர் அரசியல் உண்மை இருந்தது. சம்மதத்தால் இயங்கும் அரசு, சொத்தைப் பறித்தால் சம்மதத்தை இழக்கும். அதற்குப் பின் அழைத்தாலும் யாரும் வரமாட்டார்கள். அந்த ஆண்டு படைக்கு ஆள் எடுப்பதை எதிர்த்து வர்ஜீனியாவின் சில மாவட்டங்களில் கலகமே நடந்தது. அவருடைய அச்சம் ஏட்டுச் சட்டத்திலிருந்து மட்டும் வந்ததல்ல.

பதில் வந்தபோது பதவி இல்லை

மே மாதம் நிலைமை கைமீறியது. பின்னாளில் இந்தியாவில் திப்பு சுல்தானோடு போரிட்ட அதே கார்ன்வாலிஸ், கரோலினாவிலிருந்து வர்ஜீனியாவுக்குள் புகுந்தார். அங்கிருந்த படைகளும் சேர, அவர் கையில் சுமார் 7,000 பேர். லஃபாயெத்திடம் அதில் பாதிகூட இல்லை. ரிச்மண்டில் கூட முடியாத சட்டமன்றம் சார்லட்ஸ்வில்லுக்கு இடம் மாறியது. மே 28 அன்று அங்கிருந்து ஜெஃபர்சன் வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சட்ட வாதம் இல்லை. நீங்கள் நேரில் வாருங்கள் என்றார். உங்கள் மண்ணின் மக்களிடையே நீங்கள் தோன்றினாலே நம்பிக்கை திரும்பும், ஒவ்வொருவரும் களத்துக்கு வருவார்கள் என்பது அவர் வேண்டுகோள். தாம் சில நாட்களில் பதவி விலகுவதையும் தெரிவித்தார்.

ஜூன் 2இல் பதவிக்காலம் முடிந்தது. ஜூன் 4 அதிகாலை பிரிட்டிஷ் அதிகாரி டார்ல்டனின் குதிரைப்படை சார்லட்ஸ்வில்லில் பாய்ந்தது. ஜாக் ஜூவெட் என்பவர் இரவெல்லாம் நாற்பது மைல் குதிரையோட்டி வந்து எச்சரித்ததால் ஜெஃபர்சனும் சட்டமன்ற உறுப்பினர்கள் பெரும்பாலோரும் தப்பினார்கள். வாஷிங்டன் பதில் எழுதியது ஜூன் 8 அன்று. யாருக்கு எழுதினாரோ அவர் அப்போது ஆளுநர் இல்லை. வேறு ஆளுநரும் இன்னும் தேர்வாகவில்லை.

வர முடியாது என்பதே பதில். அதற்கான காரணத்தைத் தளபதி விளக்கினார். பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து நியூயார்க்கை நெருக்கும் திட்டம் இருந்தது; அந்த நெருக்கடி எதிரியை வர்ஜீனியாவிலிருந்து படை திருப்பச் செய்யும் என்பது எதிர்பார்ப்பு. கடலில் மேலாண்மை கிடைத்தால் தெற்கே வருவதற்கும் வாய்ப்பு உண்டு. இதை எழுதுவதிலேயே ஆபத்து இருந்தது. மே 22 அன்று வெதர்ஸ்ஃபீல்டில் பிரெஞ்சுப் படைத்தலைவர் ரோஷாம்போவோடு கூடிப் பேசியபின் அவர் வேறு சிலருக்கு எழுதிய கடிதங்கள் வழியில் எதிரியிடம் சிக்கியிருந்தன. அவற்றைப் படித்த பிரிட்டிஷ் தளபதி கிளின்டன், நியூயார்க்தான் இலக்கு என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை செசபீக் விரிகுடாவுக்கு வருவது உறுதியானதும் வாஷிங்டன் தெற்கே திரும்பினார். அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் படை சரணடைந்தது. ஜெஃபர்சன் மே மாதம் கேட்டது இலையுதிர்காலத்தில் கிடைத்தது.

மன்னிப்பும் விசாரணையும்

ஜூன் 12 அன்று சட்டமன்றம் இரண்டு காரியங்கள் செய்தது. படைத்தலைவர் தாமஸ் நெல்சனை ஆளுநராக்கியது; ஜெஃபர்சன் நிர்வாகத்தின் கடைசிப் பன்னிரண்டு மாதங்களை விசாரிக்கத் தீர்மானித்தது. குடியாட்சி அதிகாரமும் படை அதிகாரமும் ஒரே கையில் சேர்வது படையெடுப்பு வேளையில் நல்லது என்று ஜெஃபர்சனே கருதியதாகப் பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். அந்த எண்ணத்துக்கும் அவர் ஓர் எல்லை வைத்திருந்தார். அதே நெருக்கடியில் ஒருவரைச் சர்வாதிகாரியாக்கும் யோசனையைச் சிலர் எழுப்பினர். அதை வர்ஜீனியா பற்றிய தம் நூலில் கடுமையாகக் கண்டித்தார்.

நெல்சன் தளபதியும் ஆளுநருமாகக் களத்தில் இருந்தார். தமக்குத் தாமே கடிதம் எழுத வேண்டிய தேவை இல்லை. யார்க்டவுன் முற்றுகைக்கு மாடும் மாவும் வண்டியும் வேண்டியபோது எடுத்துக்கொண்டார். ஆலோசனைக் குழுவின் இசைவுக்குப் பலமுறை காத்திருக்கவில்லை. படைக்கு அது உயிர் கொடுத்தது. சட்டப்படி அது செல்லாது. உடல் நலிந்து நவம்பரில் பதவி விலகினார். ஆண்டு முடிவதற்குள் அவருடைய செயல்களைச் செல்லத்தக்கதாக்கி, அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் தனிச் சட்டம் ஒன்றை மன்றம் இயற்ற வேண்டியிருந்தது.

ஜெஃபர்சன் விசாரணைக்கு நேரில் வந்தார். டிசம்பர் 12 அன்று, மன்ற உறுப்பினராகவே எழுந்து, மன்ற உறுப்பினர் ஜார்ஜ் நிக்கலஸ் முன்பு அனுப்பியிருந்த குற்றச்சாட்டுகளைத் தாமே வாசித்துத் தாமே பதில் சொன்னார். எதிர்வாதம் செய்ய யாரும் எழவில்லை. நன்றித் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அந்தக் கறை போகவில்லை. 1796 தேர்தலிலும் அதற்குப் பிறகும் ஆர்னால்ட் வந்த நாட்களின் கணக்கை அவர் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

சட்டத்துக்குள் நின்ற ஆளுநருக்கு விசாரணை. சட்டத்தைத் தாண்டிய ஆளுநருக்கு மன்னிப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் அநீதி. உண்மையில் இரண்டும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். போரில் என்ன செய்தாலும், செய்யாமல் விட்டாலும், முடிந்தபின் மக்கள் மன்றத்தில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். தாமதத்தின் விலையை ஜெஃபர்சன் தம் நற்பெயரால் கொடுத்தார். அவசரத்தின் விலையை நெல்சன் சட்டமன்றத்தின் கருணையால் தீர்த்தார். இரண்டில் எதுவும் இலவசமல்ல என்று அந்தச் சிறிய குடியரசு தெரிந்துவைத்திருந்தது.

இந்தக் கடிதங்களை வாசிக்கும்போது எழும் கடைசிக் கேள்வி வாஷிங்டனைப் பற்றியது. மாநிலங்கள் கேட்டதைத் தராத ஆண்டுகளில், படை பட்டினி கிடந்த குளிர்காலங்களில், எடுத்துக்கொள்ளும் வலிமை அவரிடம் இருந்தது. ஆனால் பெரும்பாலும் அவர் எழுதிக் கேட்டார். மறுத்தபோது மறுபடியும் எழுதினார். 1783 டிசம்பர் 23 அன்று அன்னபோலிஸில் காங்கிரசிடம் பதவியைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்த நிகழ்ச்சியின் முறைகளை வகுத்த குழுவில் ஜெஃபர்சன் இருந்தார். நான்கு மாதம் கழித்து, 1784 ஏப்ரலில் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், ஒரே ஒரு மனிதரின் நிதானம்தான் இந்தப் புரட்சியும் மற்றவை பலவற்றைப் போலத் தான் நிலைநாட்ட வந்த சுதந்திரத்தையே கவிழ்த்து முடியாமல் காத்தது என்று குறிப்பிட்டார். ஈராண்டுகள் ஆணையிட முடியாமல் தவித்த ஒருவர், ஆணையிட முடிந்தும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குத் தந்த சான்று அது. அதில் பாராட்டு இருக்கும் அளவுக்கு எச்சரிக்கையும் இருக்கிறது. ஒரு மனிதரின் நிதானத்தை நம்பி ஒரு நாடு பிழைத்தது என்றால், அடுத்த தளபதிக்கு அந்த நிதானம் வாய்க்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஆளுநர்களை எரிச்சலூட்டும் அளவுக்குக் கட்டிவைக்கும் சட்டங்கள் தேவைப்படுகின்றன.